அப்பாவின் தலையில் ஒரு சுற்று

லம்பாடிக் குடியிருப்பான எங்கள் தாண்டாவிலிருந்து பள்ளிக்கூடம் போய்ப் பதினோராம் வகுப்பைத் தொட்ட முதல் ஆள் நான். பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதனால் எங்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒருமைப்பாட்டு விழா நடத்தப்போவதாகப் பேச்சு வந்தபோது, தலைமையாசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கூப்பிடாமல் இருந்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

"உங்க ஆளுங்க தலைவரை மேடையில உக்கார வச்சு மரியாதை பண்ணப் போறோம்" என்றார். "முஸ்லிம்ல ஒருத்தர், கிறிஸ்தவங்கள்ல ஒருத்தர், லம்பாடியில ஒருத்தர். உங்கப்பாதானே தலைவர்? கூட்டிட்டு வந்துடு. அவரைப் பத்தி மைக்ல நீயே நாலு வார்த்தை பேசு."

"தலைவர் எங்க நாயக்குங்க ஐயா. எங்கப்பா கார்பாரி."

"அதெல்லாம் உங்களுக்குள்ள. யூனியன் சேர்மன் உங்கப்பாவைத்தான் சொல்லியிருக்காரு. நாங்க எல்லாரும் பார்த்திருக்கறதும் அவரைத்தான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் தாண்டா தீர்த்தமலைக்குப் போகும் ரோட்டிலிருந்து விலகி, கரட்டின் அடியில் இருக்கிறது. வீட்டுக்குள் எங்கள் பேச்சு, ரோட்டில் கால் வைத்தால் தமிழ். தாண்டாவுக்கு நாயக் ஒருவர் உண்டு. கல்யாணம், பாகப்பிரிவினை, சண்டை எல்லாம் அவர் முன்னால்தான் தீரும். ஆனால் நாயக் வெளியே போய் ஒரு அதிகாரி முன்னால் நிற்கக் கூடாது. அதற்குத்தான் கார்பாரி. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது, தாலுகா ஆபீஸில் காத்துக்கிடப்பது, ரோடு கான்ட்ராக்டரிடம் கூலி பேசுவது எல்லாம் கார்பாரியின் வேலை. நாயக் சொல்லாமல் அவர் எதையும் ஒப்புக்கொள்ள முடியாது. இது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பார்க்கிற லம்பாடி அப்பா ஒருவர்தான். அதனால் அவர்தான் தலைவர் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நான் வந்து சொன்னதும் அப்பா நேராக நாயக்கிடம் போனார். நானும் பின்னால் போனேன். நாயக் வயதானவர், ஒரு கண்ணில் புரை. ஆட்டுக்கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"மாலை போடுவாங்களா?" என்று கேட்டார்.

"போடுவாங்களாம்."

"வாங்கிட்டு வா. பாதிப் பூவை என் பேத்திக்குக் குடு. வெளியே போறது உன் வேலை, என்னை ஏன் கேக்கறே?"

பக்கத்தில் நாயக்கின் தம்பி உட்கார்ந்திருந்தார். கார்பாரி வேலை தன் மகனுக்கு வந்திருக்க வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருப்பவர். "மாலையோட அனுப்புவாங்களா, இல்ல அந்த மேடை நாற்காலியையும் தலையில வச்சு அனுப்புவாங்களா?" என்றார். அப்பா சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

விழா மதியத்துக்கு மேல். பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, புளியமரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். முன்னால் பெஞ்சுகள், அதற்குப் பின்னால் ஜமுக்காளம், ஜமுக்காளமும் முடிந்த இடத்தில் எங்கள் தாண்டா மொத்தமும் உட்கார்ந்திருந்தது. அம்மாவும் மற்ற பெண்களும் கண்ணாடி தைத்த பாவாடையோடு வந்திருந்தார்கள். வெயில் பட்டு அந்தக் கண்ணாடிகள் மின்ன, என் வகுப்புப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆறாம் வகுப்பில் என்னைக் 'கண்ணாடி' என்று கூப்பிட்டவர்கள்தான். நான் யூனிபார்ம் தாவணியில் மைக் பக்கத்தில் நின்றேன். அப்பா மேடையில் நடு நாற்காலிக்கு அடுத்ததில் உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் முன்னால் தலையில் துண்டு இருக்கக் கூடாது என்று அவிழ்த்து மடியில் வைத்திருந்தார்.

டிரில் மாஸ்டர் ஒரு பித்தளைத் தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். தட்டில் சிவப்புத் துணிகள் மடித்துக் கிடந்தன.

"இது என்னங்க சார்? சால்வைங்களா?"

"சால்வை இல்ல, உருமால். சேர்மன் ஏற்பாடு. சால்வை எல்லாம் பட்டணத்துப் பழக்கம், நம்ம பக்கத்து வழக்கப்படி உருமால் கட்டணும்னு சொல்லிட்டாரு. நல்ல துணி, பாரு."

நான் மேடையில் இருந்த அப்பாவைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்து ஊர்களில் தலையில் உருமால் கட்டுவது பெரிய மரியாதை. கோயிலில் ஊர்ப் பெரியவருக்குக் கட்டுவார்கள், கல்யாணத்தில் தாய்மாமனுக்குக் கட்டுவார்கள். சேர்மன் நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அதை இப்போதும் சொல்வேன். ஆனால் எங்கள் தாண்டாவில் ஒருவர் தலையில் இன்னொருவர் கையால், கூட்டத்தின் முன்னால் துணி கட்டுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பழைய நாயக் செத்துப் புது நாயக்கை வைக்கும்போது கட்டுவார்கள். வெயிலுக்குத் தானே சுற்றிக்கொள்வது வேறு. நாயக் உயிரோடு இருக்கும்போது ஒருவன் தலையைக் காட்டிக் கட்டிக்கொண்டால், அந்த நாயக்கை அவன் செத்தவனாக்கிவிட்டான் என்று அர்த்தம். அப்படிப்பட்டவனைத் தாண்டா வைத்துக்கொள்ளாது. கிணற்றில் தண்ணீர் கிடையாது, பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். என் அம்மா பிறந்த தாண்டாவில் ஒரு குடும்பத்தை அப்படி ஒதுக்கினார்கள். கர்நாடகப் பக்கம் போனார்கள் என்று மட்டும் அம்மாவுக்குத் தெரியும்.

தலைமையாசிரியர் பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஐயா, எங்கப்பாவுக்கு உருமால் மட்டும் வேண்டாங்க. மாலை போதுங்க."

"ஏன்?"

"எங்க வழக்கத்துல அதைக் கட்டினா…"

"மத்தவங்களுக்குக் கட்டிட்டு உங்கப்பாவுக்குக் கட்டலைன்னா, லம்பாடியை ஒதுக்கிட்டாங்கன்னு நாளைக்கு நீயே சொல்லுவே."

"சொல்ல மாட்டேங்க ஐயா. அப்பா நாயக் இல்லீங்க."

"யாரா இருந்தா என்னம்மா? எல்லாரும் ஒண்ணுன்னு சொல்லத்தானே விழாவே நடத்தறோம். தாசில்தார் வந்தாச்சு. போய் மைக் கிட்ட நில்லு."

போய் நின்றேன். மேடையில் ஏறி அப்பா காதில் சொல்ல முடியாது. தாசில்தாரையும் சேர்மனையும் தாண்டிப் போக வேண்டும். எங்கள் பேச்சில் மைக்கில் சொன்னால் கடைசி வரிசையில் இருக்கும் நாயக்குக்குத்தான் முதலில் கேட்கும்; அப்பா அதற்குத்தான் மேடை ஏறினார் என்று ஆகிவிடும். சேர்மன் பேசிக்கொண்டே இருந்தார். நாம் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றார். கைதட்டினார்கள். அவர் பேச்சு முடியவே கூடாது என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

முதலில் முஸ்லிம் பெரியவர். டவுனில் வளையல் கடை வைத்திருப்பவர், எங்கள் பெண்கள் பாவாடைக்குக் கண்ணாடிச் சில்லு வாங்குவது அவரிடம்தான். தொப்பியை எடுப்பதா வேண்டாமா என்று சேர்மன் யோசித்துவிட்டு அதன் மேலேயே உருமாலைச் சுற்றினார். "தொப்பி மேல உருமால் வச்சுட்டீங்க. இதுக்கு மேல ஓடு மேஞ்சிட்டா மழைக்கும் ஆகும்" என்றார் பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தட்டைப் பார்த்தார். அதில் மிச்சம் இருந்ததைப் பார்த்தார். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு தலையைத் திருப்பி, எல்லாரையும் தாண்டிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

அடுத்தது கிறிஸ்தவப் பெரியவர், கம்பு விவசாயி. "எனக்கெல்லாம் எதுக்குங்க, வேண்டாங்க" என்று கையை ஆட்டினார். "அட, உக்காருங்க" என்று சேர்மன் தோளைப் பிடித்து உட்கார வைத்துக் கட்டினார். எங்கள் பக்கத்தில் முதல் வார்த்தை 'வேண்டாம்' என்று சொல்வதுதான் நாகரிகம். சாப்பாட்டுக்கும் அப்படித்தான், மரியாதைக்கும் அப்படித்தான்.

பிறகு என் முறை. நான் எழுதி மனப்பாடம் செய்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டேன். "இவர் எங்கள் தாண்டாவின் கார்பாரி. எங்கள் நாயக் அனுப்பி, நாயக்குக்காக வந்திருக்கிறார்" என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். கைதட்டினார்கள். சேர்மனும் கைதட்டிவிட்டுத் துணியை உதறி விரித்தார்.

அப்பா எழுந்தார். "வேண்டாங்க."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சேர்மன் தாசில்தாரைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவின் தோளை அமுக்கினார்.

"நெசமாவே வேண்டாங்க."

துணி அப்பாவின் நெற்றியில் படிந்து பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தது. அப்பா இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டார். விரலுக்கும் துணிக்கும் நடுவே சேர்மனின் கை மாட்டிக்கொண்டது.

முன் பெஞ்சில் இருந்து யாரோ, "அடிக்கப் போறாங்கன்னு நெனச்சுட்டான்டா" என்றார்கள். பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு பரவியது.

"நிறுத்துங்க" என்றேன். புளியமரத்திலிருந்து என் குரல் எனக்கே திரும்பக் கேட்டது. "எங்க தாண்டாவுல ஒருத்தர் தலையில உருமால் கட்டினா அவர்தான் நாயக். எங்க நாயக் உயிரோட இருக்காரு. அதோ, கடைசியில தரையில உக்கார்ந்திருக்காரு. அவரை யாரும் கூப்பிடலை."

தலைமையாசிரியர் வந்து மைக்கைப் பிடுங்கினார். துணி அப்பாவின் தோளில் சரிந்து அங்கிருந்து கீழே விழுந்தது. சேர்மனின் காது மடல் சிவந்திருந்தது. "என்னம்மா, என்ன?" என்றார் தாசில்தார். கடைசி வரிசையில் நாயக் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். மேடையை இன்னொரு தரம் பார்க்காமல் நடந்தார். தாண்டா மொத்தமும் அவர் பின்னால் போனது. எப்போதும் நாயக்குக்குப் பக்கத்தில் நடப்பது கார்பாரிதான். அப்பா வேகமாக இறங்கிப் போனார். பக்கத்தில் யாரும் இடம் விடவில்லை. எல்லாருக்கும் கடைசியாக, பெண்களுக்கும் பின்னால் நடந்தார்.

மறுநாள் காலை நாயக் வீட்டு முன்னால் நசாப் கூடியது. எங்கள் பஞ்சாயத்துக்கு அதுதான் பெயர். ஆண்கள் வட்டமாக உட்கார, பெண்கள் வெளியே நின்றோம். அப்பா நடுவில் நின்றார்.

நாயக்கின் தம்பிதான் கேட்டார். "ஒரு சுத்து விழுந்துச்சா, இல்லையா?"

"விழுந்துச்சு" என்றார் அப்பா.

"நாற்காலியை விட்டு எறங்கினியா?"

"எந்திரிச்சேன். அமுக்கி உக்கார வச்சாங்க."

"அமுக்கினா உக்கார்றதுக்கு நீ என்ன பஞ்சு மூட்டையா? படிச்ச பொண்ணை வச்சுக்கிட்டு நாயக் ஆகப் பார்க்கறான். சேதி கொண்டாந்ததும் அவ. மைக் புடிச்சதும் அவ. நாமதான் கடைசியில உக்கார்ந்து வேடிக்கை பார்த்தோம்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைக் கிள்ளிய கிள்ளில் சத்தம் வரவில்லை.

நாயக்குக்கு அப்பாமேல் பிரியம் உண்டு. ஆனால் நேற்று அத்தனை பேர் முன்னால் தன்னைச் செத்தவனாக்கிய துணி அது. "கட்டினது என்னன்னு கட்டினவன்தான் சொல்லணும்" என்றார். "அவன் வந்து இங்க நின்னு சொல்லட்டும். நாளைக்கு வரைக்கும் பார்ப்போம். அதுவரைக்கும் இவன் கார்பாரி இல்லை. இவன் வூட்டுக்குத் தண்ணி இல்லை."

"சேர்மன் வந்து நம்ம முன்னால நிப்பாரா?" தம்பி சிரித்தார். "மூட்டையைக் கட்டச் சொல்லு."

அம்மா பழக்கத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டாள். தினமும் அவளோடு பேசிக்கொண்டே தண்ணீர் இறைக்கும் பக்கத்து வீட்டுக்காரி, இவளைப் பார்த்ததும் கயிற்றைக் கையிலேயே சுருட்டிக்கொண்டு நின்றாள். அம்மா வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கார்பாரி இல்லை என்று ஆனபிறகு தாண்டாவுக்காக அவர் வெளியே போய்ப் பேச முடியாது. வளையல் கடைப் பெரியவர் விஷயம் கேள்விப்பட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான், நான் வந்து சொல்கிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். கட்டினவர் அவர் இல்லையே என்று நாயக் மறுத்துவிட்டார்.

மிச்சம் நானும் அம்மாவும்தான். பள்ளிக்குப் போகாமல் சேர்மன் வீட்டுக்கு நடந்தோம்.

சேர்மன் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் படி ஏறினேன்.

"மைக் புடிச்ச பொண்ணு" என்றார் பேப்பரைத் தாழ்த்தாமல். "நேத்து சொன்னது பத்தலையா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் பேப்பரைத் தாழ்த்தினார்.

"நான் வந்து லம்பாடிப் பஞ்சாயத்துல சாட்சி சொல்லணுமா?"

"ஆமாங்க."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியுங்க. நீங்க கட்டினதாலதாங்க உங்களைத் தேடி வந்திருக்கோம்."

"மரியாதை பண்ணினதுக்கு எனக்கு இது வேணும். தாசில்தார் முன்னாடி மானத்தை வாங்கினே, இப்ப உங்க கரட்டுக்கு வந்து நிக்கச் சொல்றே. ஒரு துண்டுத் துணிம்மா அது."

வாசலிலிருந்து அம்மா பேசினாள். அவளுக்குத் தெரிந்தது சந்தைத் தமிழ். "சாமி, எங்களுக்குத் தண்ணி நிறுத்திட்டாங்க."

அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது.

"உங்க ஊர் மாரியம்மன் கோயில்ல உங்களுக்குத்தானேங்க உருமால் கட்டுவாங்க?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தா காலத்துல இருந்து எங்க வூட்டுக்குத்தான்."

"வர்ற திருவிழாவுக்கு வெளியூர்ல இருந்து ஒரு பெரிய மனுசர் வர்றாருன்னு வச்சுக்கங்க. உங்களைக் கேக்கலை, ஊரைக் கேக்கலை. உங்க பங்காளியைப் பார்த்து, நீதான் தலைவர் மாதிரி இருக்கேன்னு சொல்லி அவர் தலையில கட்டிட்டாருன்னா?"

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். "அப்படி எதுவும் கட்டக்கூட இல்லம்மா. பங்காளி துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு முன்னாடி நின்னாருன்னு இவரு கோர்ட்டுக்குப் போயிருக்காரு."

"நீ உள்ள போ" என்றார் சேர்மன்.

அந்தம்மா உள்ளே போகவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் இருந்த அம்மாவிடம் கொடுத்தார். சேர்மன் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"காலையில எத்தனை மணிக்குக் கூடுவீங்க?" என்று கேட்டார்.

வருவார் என்று நான் நாயக்கிடம் சொன்னேன். வருவார் என்று எனக்கே நிச்சயம் இல்லை. மறுநாள் நசாப் கூடி வெயிலும் ஏறிவிட்டது. "எத்தனை நேரம் ரோட்டைப் பார்க்கிறது?" என்று நாயக்கின் தம்பி எழுந்துகூட விட்டார். அப்போது ரோட்டில் ஜீப் நின்ற சத்தம் கேட்டது. எங்கள் பாதையில் ஜீப் வராது. சேர்மன் கல்லிலும் முள்ளிலும் தனியாக நடந்து வந்தார். தாண்டாவின் நாய்கள் எல்லாம் அவரைச் சூழ்ந்து குரைத்தன. வட்டத்துக்கு நடுவே வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

அங்கே ஒரு சிக்கல் வந்தது. நாயக்குக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் நசாபில் எங்கள் பேச்சைத் தவிர வேறு பேசக் கூடாது. வெளியாள் பேச்சைக் கொண்டுவந்து சொல்ல வேண்டியது கார்பாரி. கார்பாரியோ குற்றம் சுமந்து நிற்கிறார்.

"பொண்ணு சொல்லட்டும்" என்றார் நாயக்.

"பொம்பளைப் புள்ள நசாபுக்குள்ள வரக் கூடாது" என்றார் தம்பி.

"அவளை வரச் சொல்லலை. வாயைத்தான் கேட்டேன். வெளியவே நின்னு சொல்லட்டும்."

நான் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தேன்.

மேடையில் இவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று கேட்கச் சொன்னார் நாயக். நான் கேட்டேன். சேர்மன் யோசித்தார். "சந்தோஷமாத்தான் உக்கார்ந்திருந்தாரு."

அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாமா என்று தோன்றியது. நாயக்குக்குத் தமிழ் புரியும், நான் மாற்றிச் சொன்னால் அவருக்குத் தெரியும். ஆனால் நான் மாற்றாமல் விட்டது அதற்காக அல்ல. அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இத்தனை வருடம் இரண்டு பக்கத்துப் பேச்சையும் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோனவர். நான் உள்ளதை உள்ளபடி எங்கள் பேச்சில் சொன்னேன். நாயக்கின் தம்பி தொடையில் தட்டினார். பெண்கள் பக்கத்தில் அம்மாவின் மூச்சு கேட்டது.

"துணியைப் பார்த்த பிறகு?" என்றார் நாயக்.

"வேண்டாம்னாரு. ரெண்டாந்தடவையும் வேண்டாம்னாரு. எல்லாரும் சொல்ற மாதிரி சொல்றாருன்னு நெனச்சேன்."

"முடிச்சுப் போட்டாரா?"

"எங்க போடறது? தலையைப் புடிச்சுக்கிட்டாரே. என் கையும் சேர்ந்து மாட்டிக்கிச்சு."

"இவர்தான் எங்க தலைவருன்னு யாரைக் கேட்டு முடிவு பண்ணினாரு?"

நான் தமிழில் கேட்டேன். சேர்மன் என்னைப் பார்த்தார், நாயக்கைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மேடையில் அவ்வளவு பேசியவர் அந்தக் கேள்விக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு ஆடு வட்டத்துக்குள் வந்து வெளியே போனது.

"யாரையும் கேக்கலை" என்றார்.

அதை எங்கள் பேச்சில் நான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். கிணற்றுப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

நாயக் தலையை ஆட்டினார். "தாண்டாவைக் கேட்டுக் கட்டறதுதான் கட்டு. கேக்காம விழுந்தது காத்துல பறந்து வந்த துணி. அதுக்கு இவன் என்ன பண்ணுவான்?"

"இருந்தாலும் தலையில ஒரு சுத்து…" என்று தம்பி தொடங்கினார்.

"உன் தலையில காக்கா உக்கார்ந்தா உன்னை நாயக்னு சொல்லலாமா?"

முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஆண்கள். தம்பியின் மகனே சிரித்துவிட்டான்.

"ஏன் சிரிக்கிறாங்க?" என்று சேர்மன் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"உங்களைப் பார்த்து இல்லீங்க. எங்கப்பா பழையபடி கார்பாரியா இருக்கலாம்னு சொல்லிட்டாருங்க."

நாயக் இன்னும் ஏதோ சொன்னார். நான் சொல்லக் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார். அப்பா ஒரு நொடி தயங்கினார். பிறகு சேர்மன் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் சொன்னார்: "இனிமேல் எங்களுக்கு மரியாதை பண்ணணும்னா, மொதல்ல இங்க வந்து கேக்கச் சொல்றாருங்க நாயக்."

சேர்மன் நாயக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நாயக்கும் உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

அம்மா அதற்குள் குடத்தோடு கிணற்றுக்குப் போய்விட்டாள். வந்தவரை ரோடு வரை கொண்டுபோய் விடுவது கார்பாரியின் வேலை. அப்பா இடுப்பிலிருந்த துண்டை எடுத்து வெயிலுக்குத் தானே தலையில் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். நாய்களை விரட்டும் சாக்கில் நானும் கொஞ்ச தூரம் பின்னால் போனேன். மேட்டில் ஏறியதும் சேர்மன் நின்று மூச்சு வாங்கினார்.

"தீர்த்தமலை ரோட்டுக்கு ஜல்லி போடற வேலை வருது. ஆள் வேணும். உங்க தாண்டாவுல இருந்து அனுப்பறியா?" என்றார்.

"நாயக்கைக் கேட்டுச் சொல்றேங்க" என்றார் அப்பா.